எண்பத்தாறாம் வருடத்துக் குழி

ஹடர்ஸ்ஃபீல்ட்
8 மே 1966

அன்புள்ள நோரிஸ்,

உன் கடிதமும் புகைப்படமும் வந்தன. மரத்தடியில் நிற்கிறாய், நிழலைக் காணோம். அங்கே மரங்களுக்கு நிழல் விழாதா? முகம் கறுத்திருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே மழை. அதை எழுத வேண்டியதில்லை.

ஒரு செய்தி. போன மாதம் அரசாங்கம் ஒரு சட்டம் போட்டது. விக்டோரியா பட்டத்துக்கு வந்த வருடத்துக்குப் பிறகு அடித்த தங்க நாணயம் நாலுக்கு மேல் யாரும் வைத்திருக்கக் கூடாது. வைத்திருந்தால், தான் உண்மையான சேகரிப்பாளர் என்று வங்கிக்கு எழுதி உரிமம் வாங்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவும் கூடாது.

அப்பாவின் அலமாரி உனக்கு நினைவிருக்கும். நீ முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, தேநீர் ஆறும்வரை தட்டு தட்டாக இழுத்துக் காட்டினார். சவரன்கள். விக்டோரியா இளமுகம், விக்டோரியா முக்காடு, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ். லண்டன், சிட்னி, மெல்பர்ன், பெர்த், பம்பாயில் ஒரே ஒரு வருடம் அடித்தது. ஒவ்வொன்றுக்கும் மரத்தில் ஒரு வட்டக் குழி, குழியின் அடியில் பச்சைக் கம்பளித்துணி. நீ கொட்டாவியை விழுங்கினாய். பிறகு, "மெருகு போட்டுப் பளபளன்னு ஆக்கித் தரட்டுங்களா?" என்றாய். அப்பா ஒரு வாரம் உன் பெயரைச் சொல்லவில்லை. நாணயத்தை யாரும் தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது, சூடு காட்டக் கூடாது. மனிதன் கை வைத்தால் அது செத்துப்போகும் என்பார்.

இப்போது அவருக்கு வெளிச்சம் எது இருட்டு எது என்று மட்டும்தான் தெரிகிறது. சட்டத்தைப் பத்திரிகையில் வாசித்துக் காட்டினேன்.

"கண் போன கிழவனுக்கு எதுக்குத் தங்கம்னு கேப்பானுங்க. நீ எழுது பொண்ணே. உன் பேர்ல எழுது."

"எனக்கு என்னப்பா தெரியும்?"

"இருபது வருஷமா பக்கத்துல நின்னு பாத்துட்டிருக்கே. சர்ச்சுக்குப் போறவன் எல்லாம் பைபிளைக் கரைச்சுக் குடிச்சவனா?"

எழுதினேன். சேகரிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர். மையை ஒற்றி எடுத்தபோது வேறு யாரோ ஒருத்தியைப் போல இருந்தது.

உன்னிடம் வரும் கப்பல் பயணத்துக்கு என் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். நவம்பர் என்கிறார்கள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வேன்.

உன்
தெல்மா

*

மெல்பர்ன்
2 ஜூன் 1966

என் கண்ணே தெல்மா,

நவம்பர் என்ற சொல்லை மட்டும் கத்தரித்து எடுத்துப் படுக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். மற்றதைத் திரும்பப் படித்துக் கவலைப்படுகிறேன்.

நிழல் இருக்கிறது. இந்த மரங்களின் இலை வெயிலுக்கு முகம் காட்டாமல் தொங்கும், அதனால் நிழல் சல்லடை மாதிரி விழும். வந்து பார்.

பணிமனையில் எனக்கு டிராம் வேலை. அங்கே மின்கம்பியில் தொங்கிய டிராலிபஸ்ஸை விட்டுவிட்டு இங்கே வந்தால் மின்கம்பியில் தொங்கும் டிராம். எனக்குப் பக்கத்தில் ஜீனோ என்று ஓர் இத்தாலிக்காரன். எதை வேண்டுமானாலும் பற்றவைத்துவிடுவான். இங்கிலாந்திலிருந்து வந்தவனை இங்கே 'பாம்' என்பார்கள். "ஏ பாம், இன்னிக்கு என்னடா குறை உனக்கு?" என்றுதான் காலையில் வரவேற்பார்கள். குறை சொல்லவே பிறந்தவர்களாம் நாம். நான் சொல்வதில்லை. இன்று மட்டும் சொல்கிறேன்.

உரிமத்தில் உன் பெயர் வந்தால், நீ கப்பல் ஏறும் நாளில் அந்த உரிமம் என்ன ஆகும்? நாணயங்கள் என்ன ஆகும்? யோசித்தாயா? உன் அப்பா யோசித்திருப்பார். ஆலையில் துணியைத் தடவி முடிச்சு கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவர். முடிச்சு போடவும் தெரிந்திருக்கும்.

கோபித்துக்கொள்ளாதே. இதை அவருக்கு வாசித்துக் காட்டாதே.

முத்தங்களுடன்
நோரிஸ்

*

ஹடர்ஸ்ஃபீல்ட்
14 ஆகஸ்ட் 1966

அன்புள்ள நோரிஸ்,

உரிமம் வந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன், நீ சிரிக்க வேண்டும்.

என்னைச் சேகரிப்பாளர் என்று விவரம் தெரிந்த ஒருவர் எழுதித் தர வேண்டியிருந்தது. நாணயச் சங்கத்துச் செயலாளர் ஆக்ராய்ட் வந்தார். எந்த நாளில்? உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. அவருக்குக் கால்பந்து பிடிக்காதாம். தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். அவர் பூதக்கண்ணாடியோடு குனியும்போதெல்லாம் சுவர்களுக்கு அப்பால் தெருவே கத்தியது. ஒரு தடவை நாணயத்தைக் கீழே போடப் பார்த்தார். அப்பா நாற்காலியிலிருந்து, "ஜெர்மன்காரன் போட்டானா, நம்மாளு போட்டானா?" என்றார். "எனக்கெப்படிங்க தெரியும்?" என்றார் ஆக்ராய்ட், சங்கடத்தோடு.

கடைசியில் அவர் கேட்டார்: "வீடு தீப்பிடிச்சா இதுல எதை எடுத்துட்டு ஓடுவீங்க?"

நான் படித்துவைத்ததில் இது இல்லை. என் மேலங்கிப் பையிலிருந்து ஓர் அரைக் கிரௌனை எடுத்துக் காட்டினேன். வெள்ளி. பஸ் பணிமனையில் என் வேலையாக வசூல் பையைக் கொட்டி எண்ணும்போது வந்தது. என் காசைப் போட்டு மாற்றிக்கொண்டேன். விக்டோரியாவுக்கு மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை. ஒரு தலையின் நிழல் மட்டும்.

"தங்கத்துல கேட்டேன்மா."

"தங்கத்தை யாரும் தொடலீங்க. இது தொட்டுத் தொட்டே தேஞ்சிருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். "வாங்கிக்குங்க உரிமத்தை. நீங்க நம்மாளுதான்," என்றார். அப்பா சிரித்தார். அம்மா போனதிலிருந்து அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்துத் தெரு மறுபடி கத்தியது.

அன்றே சொல்லிவிட்டேன். நவம்பர், கப்பல், நீ. அவர் வெகுநேரம் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போ. போக வேணாம்னு நான் சொல்லல. ஆனா ஒரு குழி காலியா இருக்கு. எண்பத்தாறு, மெல்பர்ன், பின்னால கேடயம். அது கெடைச்சா இந்தத் தொகுப்பு முடிஞ்சுது. முடிஞ்சதை வித்துடலாம். முடியாததை விக்கிறது, பாதி நெய்த துணியைத் தறியிலேருந்து அறுக்கிற மாதிரி. அது மட்டும் என்னால ஆகாது. கெடைச்ச மறுநாளே நான் ஐவி வீட்டுக்குப் போறேன், நீ கப்பலேறு."

ஐவி அத்தை கடற்கரையில் தனியாக இருக்கிறாள். அவருக்கு அறை தயாராக இருக்கிறது. அவர் நியாயமாகத்தான் பேசுகிறார், நோரிஸ்.

அது உன் ஊரில் அடித்தது. கேடயத்தின் கீழே சின்னதாக ஓர் 'எம்' எழுத்து இருக்கும். எளிதில் கிடைக்காது என்பார்கள். நீ கொஞ்சம் பார்க்கிறாயா?

நவம்பரை வசந்தத்துக்குத் தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறேன். வசந்தம்வரை மட்டும்.

உன்
தெல்மா

*

மெல்பர்ன்
9 அக்டோபர் 1966

தெல்மா,

நவம்பரைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். பசை போகவில்லை.

பார்க்கிறாயா என்று கேட்டாய். பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் எல்லோரும் கடலுக்குப் போகிறார்கள், நான் அடகுக்கடைகளுக்குப் போகிறேன். ஒரு கடையில் டன்ஃபி என்று ஓர் அம்மாள். வாயில் சிகரெட், மடியில் பூனை.

"எண்பத்தாறா? இந்தா எண்பத்தாறு."

"இது பின்னால குதிரைக்காரன் போட்டதுங்க. எனக்குக் கேடயம் போட்டது வேணும்."

"தம்பி, ரெண்டும் தங்கம்தானே? பொண்ணு என்ன, குதிரையைப் பாத்தா பயந்துக்குவாளா?"

"அவங்க அப்பாவுக்குங்க."

"ஓ, மாமனாருக்கா!" என்று பூனையிடம் சொன்னாள். "பாத்தியா, இந்தப் பாம் பொண்ணைத் தேடல, காசைத் தேடுறான். ஏம்பா, கெடைக்கவே கெடைக்காததைக் கேட்டிருக்காருன்னா, அந்த மனுஷன் பொண்ணைத் தர மாட்டேன்னு மரியாதையா சொல்றாருன்னு அர்த்தம்."

கடை முழுக்கச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது அது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

இருந்தாலும் தேடுவேன். இங்கே ஆட்கள் தங்கத்தைப் பூமியிலிருந்து தோண்டி எடுத்தார்கள். நான் ஏற்கெனவே தோண்டியதில் ஒன்றைத்தானே தேடுகிறேன்.

உன்
நோரிஸ்

*

ஹடர்ஸ்ஃபீல்ட்
18 டிசம்பர் 1966

அன்புள்ள நோரிஸ்,

சின்னக் கடிதம்தான். கை விறைக்கிறது.

நேற்று மலையேறும் சாலையில் பனி. டிராலிபஸ்ஸுக்கு மின்சாரம் எடுக்கும் கொம்பு மேல்கம்பியிலிருந்து கழன்றுவிட்டது. நான் உள்ளே இருந்தேன். கழன்றதும் பஸ் ஓடிவிடும் என்று ஒரு கணம் ஏனோ நினைத்தேன். நின்றுவிட்டது. விளக்குகள் அணைந்தன. கண்டக்டர் மூங்கில் கழியோடு இறங்கி, மறுபடி மாட்டும்வரை இருட்டில் உட்கார்ந்திருந்தோம். யாரும் இறங்கி நடக்கவில்லை. வீடு தெரிகிற தூரத்தில் இருந்தவர்கள்கூட.

பழைய ஷில்லிங்குகளை எடுத்துவிட்டுப் புதுக் கணக்கில் காசு அடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்ததிலிருந்து ஆட்கள் டப்பாக்களை உடைத்துச் செலவழிக்கிறார்கள் போலிருக்கிறது. வசூல் பையில் வெள்ளி நிறைய வருகிறது. பையை மேசையில் கவிழ்க்கும்போதே காதில் தெரிந்துவிடுகிறது. புதுசு தகரம் மாதிரி விழும். பழைய வெள்ளி விழுந்தபின் கொஞ்சம் யோசிக்கும். திங்கட்கிழமைகளில் ஞாயிறு வசூல் சேர்ந்து வரும். முன்பெல்லாம் திங்கள் என்றாலே எனக்கு வெறுப்பு. இப்போது காத்திருக்கிறேன். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மாலையில் தட்டுகளை இழுத்து அப்பாவுக்குச் சொல்வேன். அவர் கண்ணை மூடிக்கொள்வார், மூடாவிட்டாலும் ஒன்றுதான். கடைசியில் ஒவ்வொரு நாளும் கேட்பார்: "எண்பத்தாறு?" "காலிதான்ப்பா." "ம்."

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். வெயிலில் அது எப்படி இருக்கும்?

உன்
தெல்மா

*

மெல்பர்ன்
29 ஜனவரி 1967

என் தெல்மா, என் தங்கமே,

கிடைத்துவிட்டது!

உட்கார்ந்து படி. தங்கம் தோண்டிய பழைய ஊர் ஒன்றுக்கு ரயிலில் போனேன். வெயிலில் தண்டவாளம் நெளிகிறது. அங்கே கடிகாரக் கடைக்காரர் ஒருவர், காது கேட்காது, ஒரு சிகரெட் டப்பாவைத் திறந்து மேசையில் கொட்டினார். அதில் இருந்தது. பின்னால் கேடயம். கீழே எம். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தாறு. நான் அவரைக் கட்டிக்கொண்டேன். "ஏய், விடுய்யா, என்னய்யா இது!" என்று கத்தினார். அவருக்குக் காது கேட்காது என்று நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

இனி கவனமாகக் கேள். நாணயமாக அனுப்பினால் உங்கள் ஊரில் விட மாட்டார்கள். விசாரித்தேன். நகையாக வந்தால் பிரச்சினை இல்லை. ஆகவே ஜீனோ அதன் தலையில் ஒரு வளையம் பற்றவைத்தான். என்ன சுத்தமான வேலை தெரியுமா! சங்கிலியும் கோத்தாயிற்று. "மோதிரம் வாங்க வழியில்லையாடா உனக்கு?" என்றான் ஜீனோ. இதுதான் மோதிரம் என்றேன்.

உண்மையில் அதுதான், தெல்மா. இதைவிட நன்றாகக் கேட்க எனக்குத் தெரியவில்லை. கழுத்தில் போட்டுக்கொள். போட்டபடியே உன் அப்பா முன்னால் போய் நில். அவர் கேட்டது வந்துவிட்டது. குழி நிறைந்தது. அவர் வாக்குத் தவறுகிறவர் இல்லை என்று நீதான் சொன்னாய்.

வசந்தக் கப்பல்.

உன்னுடைய, முழுக்க உன்னுடைய
நோரிஸ்

*

ஹடர்ஸ்ஃபீல்ட்
5 மார்ச் 1967

அன்புள்ள நோரிஸ்,

பொட்டலம் வந்தது. நான் இதை எழுத இரண்டு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன்.

வாசலிலேயே பிரித்தேன். உன்னிடம் பொய் சொல்ல எனக்குத் தெரியாது. வளையத்தைப் பார்த்ததும் என் மனதில் முதலில் வந்தது நீ இல்லை. 'ஐயோ, சூடு காட்டிவிட்டார்களே' என்றுதான் வந்தது. பிறகுதான் நீ வந்தாய். ரயில், வெயில், செவிட்டுக் கடைக்காரர், எல்லாம் பிறகு.

சங்கிலியைக் கழற்றிவிட்டு அப்பாவிடம் போனேன்.

"எண்பத்தாறு வந்துடுச்சுப்பா. நோரிஸ் அனுப்பியிருக்கான்."

அவர் முகம் வெளுத்தது. நான் மிகைப்படுத்தவில்லை. "கொண்டா," என்று நீட்டிய கை நடுங்கியது. அந்தக் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. விளிம்பின் பற்களை நகத்தால் சுற்றினார். கேடயத்தை விரல் நுனியால் படித்தார். கீழே அந்தச் சின்ன எழுத்தில் விரல் நின்றது. மூச்சு விடவில்லை. பிறகு விரல் மேலே போய் வளையத்தைத் தொட்டது.

நடுக்கம் நின்றது. ரேடியோவை அணைத்த மாதிரி நின்றது.

"செத்த காசு," என்றார். குரல் மென்மையாக இருந்தது. "பாவம். பத்தவெச்சிருக்கான் பாரு. நல்ல காசா இருந்திருக்கும்."

"இது போதாதாப்பா? வருஷம் அதுதான், எழுத்து அதுதான்."

"தட்டுல வைக்க முடியுமா இதை? நீயே சொல்லு, நீதானே சேகரிப்பாளர். உரிமம் உன் பேர்ல இருக்கு."

என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் மோசம்.

"கழுத்துல போட்டுக்க பொண்ணே. உனக்கு எடுப்பா இருக்கும். நல்ல பையன்தான் அவன், விவரம் இல்ல, அவ்வளவுதான்."

அன்று மாலைச் சாப்பாட்டுக்கு முட்டை கேட்டார். ஒன்று போதாது, இரண்டு என்றார். ஆலைக்குப் போகும் காலத்தில் விசிலடிக்கும் பாட்டை விசிலடித்தார். ஏமாந்தவர் ஒருவர் ஏன் இரண்டு முட்டை சாப்பிடுகிறார் என்று பாத்திரம் கழுவும்போது யோசித்தேன்.

வசந்தத்தைச் செப்டம்பருக்கு மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

உன் சங்கிலி என் கழுத்தில் இருக்கிறது. வெறும் சங்கிலி.

உன்
தெல்மா

*

மெல்பர்ன்
16 ஏப்ரல் 1967

தெல்மா,

உன் கடிதத்தை ஜீனோவிடம் காட்டவில்லை. "போட்டுக்கிட்டாளா, புடிச்சிருந்துச்சா?" என்று தினமும் கேட்கிறான். போட்டுக்கொண்டாள் என்றேன்.

செத்த காசாம். நான் கையில் பிடித்திருந்தபோது அது உயிரோடுதான் இருந்தது.

எனக்கு விவரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று தெரிகிறது. ஒரு மனிதர், கண் தெரியாதவர், நாற்காலியை விட்டு எழாதவர், ஒரு விரலால் உன்னைப் பிடித்து வைத்திருக்கிறார். நீ அவர் விரலைப் பற்றி எனக்கு எழுதுகிறாய். அழகாக எழுதுகிறாய்.

செப்டம்பர் கப்பல் சவுதாம்ப்டனிலிருந்து. மூன்றாவது முறை தள்ளிவைக்க விட மாட்டார்கள் என்று உனக்கும் எழுதியிருப்பார்கள். குழி நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் வா. பெட்டியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே வா. ஐவி அத்தை பார்த்துக்கொள்வாள். அவருக்கு நானே எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு, வாசித்துக் காட்டப் போகிறவள் நீதானே என்று நினைவு வந்தது.

இங்கே இலையுதிர்காலம். மரங்கள் இலையை உதிர்ப்பதில்லை, பட்டையை உதிர்க்கின்றன. உனக்குப் பிடிக்கும்.

வா.

நோரிஸ்

*

ஹடர்ஸ்ஃபீல்ட்
11 ஜூன் 1967

அன்புள்ள நோரிஸ்,

வளையத்தை எடுத்துவிட்டேன். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

உன் கடிதம் வந்தபின் ஒரு முடிவுக்கு வந்தேன். அப்பாவுக்குக் கண் இல்லை, விரல்தான். விரலை ஏமாற்றிவிட்டால் போதும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துப் போனேன்.

"யாரு வெச்சாங்களோ, நல்லா வெச்சிருக்காங்க. இதைப் போய் எடுக்கச் சொல்றீங்களே. சண்டையா?"

"இல்லீங்க. சேர்றதுக்குத்தான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அறுத்து, அராவி, விளிம்பின் பற்களைக்கூடத் திரும்பக் கீறித் தந்தார். கண்ணுக்கு ஒரு வடு தெரிகிறது. விரலுக்குத் தெரியாது. என் விரலுக்குத் தெரியவில்லை.

இன்று ஞாயிறு. சாப்பாடு முடிந்து அப்பா ரேடியோவில் பித்தளை வாத்தியம் கேட்டுக்கொண்டிருந்தார். மேலே போய் அந்தத் தட்டை இழுத்தேன். குழியில் வைத்தேன். வைத்துவிட்டுக் கீழே போய், 'வேறொன்று வாங்கினேன், தொட்டுப் பாருங்கள்' என்று சொல்வதாகத் திட்டம். முதல் தடவையாகத் திருடும் ஆளைப் போல இருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். நீ அதை நம்ப வேண்டும்.

அது உட்காரவில்லை.

பக்கத்துக் குழிகளில் நாணயங்கள் மரத்தோடு மட்டமாக அமிழ்ந்திருக்கின்றன. இது மட்டும் மேலே துருத்திக்கொண்டு நின்றது. அழுத்தினேன். துணி ஊறிவிட்டது என்று நினைத்தேன். தொப்பி ஊசியால் பச்சைத் துணியை ஓரத்தில் கிளப்பினேன்.

அடியில் அது இருந்தது.

கேடயம். எம். எண்பத்தாறு. யாரும் கை வைக்காத பளபளப்பு. துணி அதன் மேல் வட்டமாக, அளவாக, ஒரு நூல் பிசகாமல் வெட்டி ஒட்டியிருந்தது. ஊரில் வேறு யாராலும் அப்படி வெட்ட முடியாது. அதுவும் கண் தெரிந்த காலத்தில் வெட்டியது. அப்போது நீ எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாயா இல்லையா, தெரியவில்லை. உனக்கு முன்பே இருக்கலாம். எவன் வந்தாலும் என்று இருக்கலாம்.

அவர் அதை வேறெங்கும் ஒளித்துவைத்திருக்கலாம். சட்டைப் பையில், புகையிலை டப்பாவில். அவரால் முடியவில்லை. அதன் இடத்தில்தான் வைத்திருக்கிறார். எனக்கு மட்டும்தான் குழி காலி. அவருக்குத் தொகுப்பு எப்போதோ முடிந்துவிட்டது.

ஒரு கையில் உன்னுடையது, ஒரு கையில் அவருடையது. கீழே வாத்தியம். இறங்கிப் போய் அவர் உள்ளங்கையில் இதை வைத்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டாம். அவர் விரலே எல்லாவற்றையும் படித்துக்கொள்ளும். செப்டம்பர் எனக்கு.

நோரிஸ், நான் கோபத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அன்றைக்கு வளையத்தைத் தொட்டதும் அவர் கை நடுக்கம் நின்றதே, அது எனக்கு வந்தது. என் கை நின்றது. மூச்சு ஒழுங்காக வந்தது. இரண்டு முட்டை ஏன் என்று புரிந்தது.

இத்தனை நாளும் கதவு வெளியிலிருந்து பூட்டியிருக்கிறது என்று உனக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கே எழுதிக்கொண்டிருந்தேன். சாவி உள்பக்கம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதி. இதற்கு நான் என்ன பெயர் வைக்க முடியும்? பூட்டியிருந்தால் தட்டியிருப்பேன், கத்தியிருப்பேன். பூட்டாத கதவின் முன்னால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதை அதன் இடத்தில் வைத்தேன். துணியை மேலே வைத்து, கட்டைவிரலால் ஓரம் ஓரமாக அழுத்தினேன். என் கையால். அவர் கையால் இல்லை. உனக்கு இது தெரிய வேண்டும், அவரை மட்டும் வெறுக்காமல் இருப்பதற்கு.

கீழே வந்தேன். ரேடியோவைத் தணித்தார்.

"தட்டு இழுத்த சத்தம் கேட்டுச்சு."

"ஆமாப்பா. தூசு இருக்கான்னு பாத்தேன்."

"எண்பத்தாறு?"

அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் இல்லை, முகம். அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன். தெரிந்திருக்கலாம்.

"காலிதான்ப்பா."

"ம். தேடுவோம்," என்றார். பிறகு, "தேத்தண்ணி வைக்கிறியா கண்ணு?" என்றார். அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை. வைத்தேன்.

கப்பல் அலுவலகத்துக்கு நாளை எழுதுவேன். நீ காத்திருக்காதே. மரப்பட்டை உதிர்வதைப் பார்க்க யாரையாவது அழைத்துப் போ.

உன் நாணயத்தைத் திருப்பி அனுப்ப வழியில்லை. நாணயமாக அது நாட்டை விட்டுப் போகக் கூடாது. வளையம் இல்லாமல் அது நகையும் இல்லை. தட்டிலும் அதற்கு இடமில்லை. வேலைக்குப் போடும் மேலங்கிப் பையில், அந்த அரைக் கிரௌனோடு வைத்திருக்கிறேன். வசூல் எண்ணும்போது கை தானாக அங்கே போகிறது. வடு ஒரு நாள் தேய்ந்துவிடும். அதற்கு நிறையத் தொட வேண்டும்.

ஜீனோவிடம் சொல், பிடித்திருந்தது என்று.

தெல்மா